முப்பத்தேழாவது குடம்

நெட்டிமலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி வீரய்யாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் நல்லையா, இளையவன் மாரிசாமி. தலைப்பாகை மூத்தவனுக்குத்தான் என்பது நல்லையா பிறந்த அன்றைக்கே முடிவான விஷயம். தெமோதரைக்கு மேலே அந்த மலையில் நூற்றுச் சொச்சம் குடும்பங்கள் வீரய்யாவின் பெயரைச் சொல்லித்தான் திருச்சிச் சீமையிலிருந்து கப்பலேறி வந்திருந்தன. அவர் வா என்றால் வருவார்கள். கிளம்பு என்றால் மூட்டையைக் கட்டுவார்கள். துரைகூட அவரிடம் பேசும்போது குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்வார். அந்த இடத்துக்கு நல்லையா இருபத்திரண்டு வயதில் வாரிசாக நின்றான். அறுபது வயதிலும் வாரிசாகவே நின்றான்.

இடையில் நடந்தது இவ்வளவுதான்: அவன் வேலாயியைக் கட்டிக்கொண்டான்.

வேலாயி கீழ் லயத்துக்காரி, மலைக்கு அடியில் ஒதுக்கிவைத்த சாதிக்காரர்களின் வரிசை வீடுகளைச் சேர்ந்தவள். அவளுடைய அப்பா விடியற்காலையில் தப்பு அடித்துத் தோட்டத்தை எழுப்புகிறவர். திருவிழாவில் அவர் தப்பு முழங்காமல் அம்மன் புறப்படாது. ஆனால் அவர் கோயில் படி ஏறக் கூடாது. 1884ஆம் வருஷம், கோப்பிச் செடியெல்லாம் நோயில் கருகி, அந்தக் குழிகளில் தேயிலை ஊன்றிக்கொண்டிருந்த நேரம். அந்த ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்துபோன கூட்டத்தில் இருவரும் போனார்கள். திரும்பி வரும்போது வேலாயியின் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது.

வீரய்யா அடிக்கவில்லை, கத்தவில்லை. வாசலில் கிடந்த தமது நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலையை மென்று முடித்தார்.

"அவள விட்டுட்டு வா. வந்த அன்னைக்கே தலைப்பாகை உன் தலையில."

"வராட்டி, ஐயா?"

"வராட்டி நீ என் மகன்தான், யாரு இல்லேன்னா? ஆனா கங்காணி இல்ல. நான் இருக்கிற மட்டும் அது நடக்காது."

"நீங்க நல்லா இருங்க. நானும் இருக்கேன்" என்றான் நல்லையா. அன்று மாலையே கீழ் லயத்தில் எட்டாவது காம்பராவில், ஒரே அறை கொண்ட வீட்டில், குடியேறினான். மறுநாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மற்ற ஆட்களின் வரிசையில் முதல் ஆளாக நின்றான். பேர் வாசித்த கணக்கப்பிள்ளைக்குத்தான் நாக்கு குழறியது.

அந்தத் தோட்டத்தில் கங்காணிக்குப் பட்டம் கட்டுவது துரை அல்ல, மாரியம்மன். பங்குனித் திருவிழாவில் பெண்கள் ஆற்றிலிருந்து மஞ்சள் தண்ணீர்க் குடம் எடுத்து வருவார்கள். கங்காணி வீட்டு மூத்த மருமகளின் குடம்தான் முதல் குடம். அது அம்மன் காலில் விழுந்த பிறகு, அந்தத் தண்ணீரில் பரிவட்டத்தின் ஒரு முனையை நனைத்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கங்காணியின் தலையில் பூசாரி கட்டுவார். அடுத்த பங்குனிவரை அவர்தான் பெரிய கங்காணி. அதன்பிறகே சப்பரம் நகரும். இதில் இரண்டு விதிகள். மூத்தவன் திருவிழாவில் கண்ணெதிரே நிற்கும்போது இளையவனுக்குக் கட்டக் கூடாது. ஒரே ஒரு திருவிழாவுக்கு மூத்தவன் வராமல் போனாலும் உரிமை இளையவனுக்குப் போய்விடும்.

நல்லையாவுக்கு அந்த இரண்டு விதிகளும் போதுமானவையாக இருந்தன.

முதல் பங்குனியில் வேலாயி புதுக் குடம் வாங்கி, ஆற்றில் முங்கி, ஈரச் சேலையோடு வரிசையின் முதலில் வந்து நின்றாள். பக்கத்தில் நல்லையா. வீரய்யா நாற்காலியிலிருந்தே கேட்டார்.

"என்ன, வந்துட்டியா?"

"நாங்க ரெண்டு பேரும் வந்திருக்கோம்."

வீரய்யா வேலாயியைப் பார்க்காமலே சொன்னார்: "கீழ் லயத்துக் குடம் படி ஏறாது."

"அம்மனுக்குன்னு எடுத்த தண்ணிய வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதுங்களே மாமா" என்றாள் வேலாயி. "கால் மிதிக்கிற தரையிலயும் ஊத்தக் கூடாது. எங்க ஊத்தட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவள் தன்னை மாமா என்று கூப்பிட்டதில் கங்காணிக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. கோயிலுக்கு எதிரே, பாதைக்கு அந்தப் பக்கம், வேலையற்று நின்ற ஒரு கடுக்காய் மரத்தைக் கையால் காட்டினார்.

"அந்த மரத்துல கொண்டுபோய் ஊத்து!"

வேலாயி போய் ஊற்றினாள். காலிக் குடத்தை மரத்தடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, புருஷனோடு வீடு திரும்பினாள். கோயிலில் வீரய்யாவின் தங்கை முதல் குடம் ஊற்ற, பரிவட்டம் வழக்கம்போல வீரய்யாவுக்கே கட்டப்பட்டது.

அடுத்த வருஷமும் அதே கேள்வி, அதே பதில், அதே மரம். அதற்கடுத்த வருஷமும்.

1887இல் மகாராணி பட்டத்துக்கு வந்து ஐம்பது வருஷம் ஆனதென்று தோட்டத்துக்கு ஒரு நாள் லீவு விட்டார்கள். துரை பங்களா முற்றத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். துரை சிரித்தபடி கணக்கப்பிள்ளை மூலம் கேட்டார்: "கங்காணி, உன் மகனுக்கு எப்போது கொடுக்கப் போகிறாய்?"

வீரய்யா மீசையைத் தடவிக்கொண்டார். "மகாராணி மகனுக்கு நாப்பத்தஞ்சு வயசாச்சாமே? அவரே இன்னும் காத்துக்கிட்டுத்தானே இருக்காரு. அவருக்குப் பட்டம் கட்டுற அன்னைக்கு என் மகனுக்கும் கட்டுறேன்னு தொரைகிட்ட சொல்லுங்க."

முற்றம் முழுக்கச் சிரித்தது. கூட்டத்தின் பின்னாலிருந்து நல்லையாவின் குரல் வந்தது.

"வேலாயியோடயா, ஐயா?"

"அவளோடதான்! வச்சுக்க!"

அன்றிலிருந்து அவன் பெயர் 'இளவரசு'. கொழுந்துக் கூடையோடு போகும் பெண்கள், "இளவரசே, கிரீடத்த எங்க கழட்டி வச்சீங்க?" என்பார்கள். கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக் காட்டி, "செங்கோல் இருக்கு. கிரீடம் செஞ்சுக்கிட்டிருக்காங்க" என்பான் நல்லையா. கேலிக்கு அவன் முகம் சுருங்கியதில்லை. அந்த வாக்கை மட்டும் மனதில் முடிந்து வைத்துக்கொண்டான்.

பெரியவர் சும்மா இருக்கவில்லை. மகனைத் திருவிழா அன்றைக்குத் தோட்டத்தில் இல்லாமல் ஆக்கப் பார்த்தார். ரயில் பண்டாரவளைவரை வந்த புதிதில், திருவிழாவுக்கு முந்தின நாள் அவனைக் கூப்பிட்டார். "ஸ்டேஷன்ல அரிசி மூட்டை எறங்குது. நீ போய் நின்னு வண்டியில ஏத்திட்டு வா." மாட்டு வண்டி மழைப்பாதையில் ஊர்ந்து வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். நல்லையா போனான். மூட்டைகளை எண்ணி ஏற்றினான், வண்டிக்காரன் கையில் சீட்டைக் கொடுத்தான். விடிந்ததும் தனியாக நடக்கத் தொடங்கினான். எல்லாவைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு மைல். அட்டை கடித்து இரண்டு காலும் ரத்தமாக, பெண்கள் ஆற்றிலிருந்து ஏறிய அதே நேரத்தில் கோயில் வாசலில் வந்து நின்றான்.

வீரய்யா அவன் காலைப் பார்த்தார். "என்ன, வந்துட்டியா?" என்ற குரலில் ஏமாற்றம் பாதி, வேறொன்று பாதி இருந்தது.

"நாங்க ரெண்டு பேரும்தான்" என்றான் நல்லையா, மூச்சு வாங்கிக்கொண்டே. "அரிசி பின்னால வருது."

இன்னொரு வருஷம் வேலாயி மலைக்காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தாள். பாயில் படுத்தபடியே புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "எத்தன வருஷம்தான் இப்படி? நீங்க போய்த் தலைப்பாகையக் கட்டிக்கிட்டு வாங்க. அப்புறமா என்னக் கூப்பிட்டுக்கங்க."

"அப்புறமாக் கூப்பிட்டா வருவியா?"

அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். "வரமாட்டேன்."

"பெறகென்ன பேச்சு? கஞ்சியக் குடி."

அந்த வருஷம் குடத்தை அவனே தலையில் தூக்கி வந்தான். ஆம்பிளை ஒருத்தன் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு பெண்கள் வரிசையில் நிற்பதைக் கண்டு மேல் லயத்து இளவட்டங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாரிசாமி கிட்டே வந்து பல்லைக் கடித்தான். "மானத்த வாங்காதண்ணே. சேலையும் கட்டிட்டு வந்திருக்கலாமே."

"வெளுக்கப் போட்டிருக்கு. ஒன் பொண்டாட்டிது இருந்தாக் குடு" என்றான் நல்லையா. நேராக மரத்தடிக்குப் போய் ஊற்றினான். அந்த வருஷம் சிரித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கீழ் லயத்துப் பெண்கள் நாலு பேர், என்ன நினைத்தார்களோ, தங்கள் குடங்களையும் வழக்கம்போலக் கோயில் வெளிப்படியில் வைத்துவிட்டுப் போகாமல் மரத்துக்குக் கொண்டுவந்தார்கள். மறு வருஷம் பத்துப் பேர். யாரோ ஒரு கல்லை நட்டு மஞ்சள் துணி சுற்றினார்கள்.

1901இல் மகாராணி காலமான சேதி வந்தது. தெமோதரைக் கடைத்தெருவில் ஜவுளியும் மளிகையும் விற்கும் ஹாஷிம் நானாதான் நல்லையாவுக்குப் பேப்பர் படித்துச் சொல்லுவார். அடுத்த வருஷம் ஆனி பன்னிரண்டாம் தேதி மகாராணியின் மகனுக்கு மகுடாபிஷேகம் என்று அவர் படித்ததும் நல்லையா எழுந்து நின்றுவிட்டான். தேதியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு மலையேறினான்.

தோட்டத்தில் தோரணம் கட்டினார்கள். ஆடு வாங்கினார்கள். முற்றத்தில் சொன்ன வாக்கை யாரும் மறந்திருக்கவில்லை. வீரய்யாவும் மறந்தேன் என்று சொல்லவில்லை. வேலாயி அன்று விடியுமுன்னே குடத்தை நிரப்பி வைத்தாள். ஆனால் முந்தின நாளே தபால் கந்தோருக்குத் தந்தி வந்திருந்தது. ஹாஷிம் நானா குடையைக்கூட விரிக்காமல் ஓடி வந்தார்.

"நல்லையா, நின்னு போச்சுப்பா! ராசாவுக்கு வயித்துல கட்டியாம். அறுத்திருக்காங்களாம்."

வீரய்யா தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தியா! சீமையிலேயே நின்னு போச்சு!"

நல்லையா குடத்தைப் பார்த்தான். பிறகு நானாவைக் கேட்டான்: "ஆள் உசிரோட இருக்காரில்ல?"

"இருக்காராம்."

"அப்ப கட்டுவாங்க."

கட்டினார்கள், அதே வருஷம் ஆடி மாதத்தில். நல்லையாவும் வேலாயியும் குளித்து, புதுக் குடத்தோடு நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார்கள். வீரய்யா ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"நான் சொன்னது ஆனி மாசத்து நாள. இது ஆடி. ஆடியில எவனாவது நல்ல காரியம் செய்வானா? வெள்ளக்காரனுக்கு மாசம் தெரியாது. நமக்குமா தெரியாது?"

மேல் லயத்துப் பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். வாஸ்தவம்தானே என்றார்கள்.

"ஆடியிலதான் நான் தாலி கட்டுனேன், ஐயா" என்றான் நல்லையா. "பதினெட்டு வருஷமாச்சு. அது நிக்குதே?"

அன்றைய குடமும் மரத்துக்குத்தான் போனது. திருவிழாக் குடம் இல்லை என்பதால் வேலாயி அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கவிழ்க்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து உப்புப் போட்டு வைத்துக்கொண்டாள்.

அதற்கு நாலு வருஷம் கழித்து ஒரு பங்குனியில் வீரய்யா நாற்காலியிலிருந்து பார்த்தபோது, கோயில் பக்கம் பன்னிரண்டு குடங்களும் மரத்தின் பக்கம் முப்பது குடங்களும் நின்றன. திருவிழா முடிந்த மறுநாள் கோடாலியோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், மரத்தை வெட்டச் சொன்னார். அவர்கள் கோடாலியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள். இருவரும் மேல் லயத்துக்காரர்கள்தாம்.

"வெட்டுங்கடா."

"ஐயா, அம்மன் தண்ணிய இதுக்கு ஊத்தச் சொன்னது நீங்க" என்றான் ஒருவன், தலையைச் சொறிந்தபடி. "நீங்க கையால காட்டுன மரம். மொத வெட்ட நீங்களே போட்டுட்டீங்கன்னா மிச்சத்த நாங்க பாத்துக்குவோம்."

வீரய்யா கோடாலியை வாங்கினார். மரத்தைச் சுற்றிக் கவிழ்ந்து கிடந்த குடங்களைத் தாண்டி அடிமரத்துக்குப் போக அவருக்குக் கால் வைக்க இடம் அகப்படவில்லை. ஒரு குடத்தை உதைத்து நகர்த்தியிருக்கலாம். அம்மன் குடத்தில் கால் படுமே! கோடாலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார். எதிரே மலைச்சரிவில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த நல்லையா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தியை நிறுத்தவில்லை.

1910இல் அந்த ராசாவும் போய்ச் சேர்ந்தார். "அறுபது வருஷம் காத்திருந்து ஒம்பது வருஷம்தான் இருந்தாரு மனுசன்" என்று ஹாஷிம் நானா வருத்தப்பட்டார்.

"ஒக்காந்தாரில்ல?" என்றான் நல்லையா.

வீரய்யா மட்டும் இருந்தார். ஊரையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சல் வருஷத்திலும் இருந்தார். கண் மங்கி, கால் விளங்காமல், நாற்காலியோடு நாலு பேர் தூக்கிவந்து வைத்த திருவிழாவிலும் கேட்டார்: "என்ன, வந்துட்டியா?"

"ரெண்டு பேரும் வந்திருக்கோம், ஐயா."

"ஒனக்குத் தலை நரைச்சுப் போச்சுன்னு சொல்றாங்களே."

"உங்களுக்கு நரைக்கிறதுக்கு முடியே இல்லையாமே."

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த பிறகும் மரத்தின் பக்கம்தான் கையைக் காட்டினார். அது வேலாயியின் முப்பத்தாறாவது குடம்.

அடுத்த மாசியில் அவர் இறந்தார். மூத்த மகனாக நல்லையா மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தான். சாவு வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் குடம் எடுக்கக் கூடாது, பரிவட்டம் கட்டக் கூடாது. ஆகவே அந்தப் பங்குனியில் நாற்காலி காலியாகக் கிடந்தது, சப்பரமும் நகரவில்லை. நல்லையா மொட்டைத் தலையோடு வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனான். "செத்த பெறகும் ஒரு வருஷம் நிக்க வச்சுட்டாரே, கில்லாடி" என்று வேலாயியிடம் சொன்னான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

அந்த ஒரு வருஷத்துக்குள் சட்டமும் மாறிவிட்டது. கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைத்திருந்த கங்காணியின் துண்டுச் சீட்டு இல்லாமலே ஆட்கள் தோட்டம் மாறலாம் என்று ஆயிற்று. ஹாஷிம் நானா தாடியை நீவினார். "இப்ப அந்த நாற்காலியில என்னப்பா இருக்கு? மூணு காலு ஒடஞ்சு போச்சு."

"மிச்சம் ஒண்ணு இருக்கில்ல" என்றான் நல்லையா. "அதுல ஒக்காருறேன்."

1922 பங்குனி வந்தது. திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னால் மாரிசாமி மேல் லயத்துப் பெரியவர்களோடு எட்டாவது காம்பராவுக்கு வந்தான். அவன் அந்த வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, பட்டம் ஒனக்குத்தான். அதுல ரெண்டு பேச்சு இல்ல. கொடத்த மட்டும் இந்த வருஷம் என் வீட்டுக்காரி பெரியாயி ஊத்தட்டும். ஊர் மெல்ல மெல்லத்தான் மாறும்."

"எவ்வளவு மெல்ல? முப்பத்தெட்டு வருஷமாச்சு, தம்பி."

பெரியவர்கள் தள்ளிப் போய்த் தங்களுக்குள் முணுமுணுத்துவிட்டு வந்தார்கள். கடைசியில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "சரிப்பா. வேலாயியே ஊத்தட்டும். மொதக் கொடம். கோயிலுக்குள்ளேயே. ஆனா அது மட்டும்."

நல்லையா திரும்பி வேலாயியைப் பார்த்தான். இத்தனை வருஷமும் அவன் கேட்டுவந்தது இதைத்தான். அவள் அம்மியை விட்டு எழாமலே கேட்டாள்.

"அது மட்டும்னா?"

"நீ கங்காணி சம்சாரம். நீ ஏறலாம். மத்த கொடம் எல்லாம் வழக்கம்போல வெளியில."

"எனக்குப் பின்னால முப்பது, நாப்பது கொடம் வருதே. நான் ஏறின பெறகு அதுங்க என் முதுகப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?" அவள் மிளகாயை வழித்தாள். "நான் மாமா சொன்ன எடத்துலயே ஊத்திக்கிறேன். பெரியவங்க சொல்லத் தட்டக் கூடாது பாருங்க."

நல்லையா சிரித்துவிட்டான். பிறகு தம்பியிடம் சொன்னான்: "கேட்டுட்டியா? போயிட்டு வா."

திருவிழா அன்று வெயில் நன்றாக ஏறியிருந்தது. வேலாயி குடத்தோடு வந்தாள். கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பாதையைக் கடந்து மரத்தடிக்குப் போனாள். கீழ் லயத்துக் குடங்கள் எல்லாம் பின்னால் போயின. தப்புக்காரர்கள் கோயில் வாசலில் நின்று பார்த்தார்கள், அவர்களும் போனார்கள். நல்லையா கவிழ்ந்த குடங்களுக்கு நடுவே, கல்லுக்குப் பக்கத்தில் நின்றான்.

கோயிலுக்குள் பூசாரி கையில் பரிவட்டத்தோடு தனியாக இருந்தார். எதிரே காலி நாற்காலி. பெரியாயியின் குடம் தயாராக இருந்தது. தலைப்பாகைக்குத் தலை இல்லை. மூத்தவன் கண்ணெதிரே நிற்பதால் மாரிசாமிக்குக் கட்டவும் வழியில்லை. பட்டம் கட்டாமல் அம்மன் புறப்பட முடியாது. தப்பும் அங்கே போய்விட்டது. நேரம் ஆக ஆக மேல் லயத்துச் சனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லையா, இங்க வாப்பா!" என்று பூசாரி பாதைக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"எங்கப்பா காட்டுன எடம் இது, பூசாரி. கட்டுறதுன்னா இங்க வந்து கட்டு. இல்லேன்னா அடுத்த பங்குனிக்கு நிக்கிறேன். எனக்குப் பழக்கம்தான்."

பூசாரி வானத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். செருப்பில்லாத காலோடு சுட்ட பாதையைத் தாண்டி வந்தார். வேலாயி முப்பத்தேழாவது குடத்தைக் கல்லின் மேல் கவிழ்த்தாள். ஓடிய மஞ்சள் தண்ணீரில் பூசாரி பரிவட்டத்தை நனைத்தார். உட்கார வேறொன்றும் இல்லாததால் நல்லையா புடைத்து நின்ற ஒரு வேர்முண்டில் உட்கார்ந்தான். மொட்டை போட்டு முளைத்த நரைமயிரில் துணி வழுக்கிக்கொண்டே வந்தது. மூன்றாவது தடவை இறுக்கியபோதுதான் நின்றது. தப்பு முழங்கியது.

பெரிய கங்காணி நல்லையா தலையை நிமிர்த்தியபோது, பாதையோரத்தில் மாரிசாமி நிற்பது தெரிந்தது. பக்கத்தில் பெரியாயி, ஊற்றப்படாத குடத்தோடு. அந்தத் தண்ணீரை அவளாலும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

அவர் தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன, வந்துட்டியா?"

மாரிசாமி தரையைப் பார்த்தான். "நாங்க ரெண்டு பேரும் வந்திருக்கோம், அண்ணே."

"வாங்க, வாங்க. வரிசையில நில்லுங்க" என்றார் அவர். "முன்னால நாப்பது கொடம் இருக்கு."